சாந்தி பேரில் நின்றவள்

காப்பி எஸ்டேட்டில் காலையில் பேர் கூப்பிடும்போது அந்தப் பேர்க்காரிதான் நிற்க வேண்டும் என்பதில்லை. ஒருத்தி காய்ச்சலில் படுத்துவிட்டால் இன்னொருத்தி அவள் பேரில் நிற்பாள். பழம் பறிக்கக் கை இருந்தால் போதும், கணக்கு எழுதும் ரைட்டர் முகத்தைப் பார்க்க மாட்டார். பக்கத்து மலைக்கிராமமான செம்மநத்தத்துப் பாவாயிக்கு அங்கே சொந்தப் பேரே கிடையாது. எவள் பேர் காலியாகக் கிடக்கிறதோ அந்தப் பேரில் நின்று கூலி வாங்கிக்கொண்டிருந்தாள். சாந்தாமேரி பிள்ளை பெற்றுக் கிடந்தபோது அவள் பேரில் நின்றவளும் பாவாயிதான்.

அதனால் சாந்தாமேரிக்கு அந்த யோசனை வந்தபோது அது தப்பாகத் தெரியவில்லை.

அவள் புருஷன் ஜேசுதாஸ் எஸ்டேட் பங்களாவில் சமையல்காரனாக இருந்தவன். தொரை எஸ்டேட்டை விற்றுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் குடும்பத்தோடு போனபோது அவனையும் வரவழைத்துக்கொண்டார். இப்போது அவன் பெண்டாட்டி பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்ள மனுப் போட்டிருந்தான். சாந்தாமேரிக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அதில் மகள் சாந்தியின் பேர் மட்டும் இருந்தது, படம் இல்லை. பாக்கி இருந்தது உடம்புச் சோதனை. மெட்ராஸில் அவர்கள் சொல்லும் டாக்டரிடம் போய் இரண்டு பேரும் காட்ட வேண்டும். குடும்பத்தில் ஒரு ஆள் தேறாவிட்டாலும் ஒருவருக்கும் விசா கிடையாது.

சாந்திக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்தே இதயத்தில் ஓட்டை. மேட்டில் கொஞ்ச தூரம் ஏறினால் குந்திக்கொள்வாள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிடும். இங்கே காட்டிய இடத்தில் எல்லாம் ஆபரேஷன் என்றார்கள், எங்கே எப்படி என்று யாரும் சொல்லவில்லை. அங்கே வந்து சேர்ந்துவிட்டால் செய்துவிடலாம் என்று தொரையம்மா உறுதி சொன்னாளாம். ஓட்டையை அடைக்க அந்த ஊருக்குப் போக வேண்டும். ஓட்டை இருந்தால் அந்த ஊருக்குள் விட மாட்டார்கள். சாந்தாமேரி எத்தனை ஜெபம் செய்தும் இந்த முடிச்சு அவிழவில்லை.

ஒருநாள் பழம் பறித்துக்கொண்டிருக்கும்போதே பாவாயியிடம் கேட்டாள்.

“உம்புள்ளய ரெண்டு நாளைக்குக் குடு பாவாயி. சாந்தி பேர்ல நிக்கட்டும்.”

பாவாயிக்கு உடனே புரிந்துவிட்டது. “பட்டணத்துலயும் ரைட்டரு மூஞ்சியப் பாக்க மாட்டாருங்களாக்கா?”

“டாக்டரு என்னத்தக் கண்டாரு? நெஞ்சுல வெச்சுக் கேப்பாரு, நாக்க நீட்டச் சொல்லுவாரு.”

“நாக்கு நொம்ப நீளமுங்க அவளுக்கு. நல்லாப் பாத்துக்கட்டும்.” பாவாயி சிரித்தாள். பிறகு, “சாந்திக்கு நல்லதாப் போனாச் சரி. கூட்டிட்டுப் போங்க,” என்றாள்.

பாவாயியின் மகள் ஆராயிக்கும் அதே வயது. சாந்தியைவிட ஒல்லி, ஆனால் காட்டில் ஆடு மாதிரி ஏறுவாள். சாந்தியின் கவுனைப் போட்டுவிட்டதும் அவளுக்குப் பிடிபடாத சந்தோஷம். பஸ் மலை இறங்கும்போது சாந்தாமேரி பாடம் சொல்லிக் கொடுத்தாள்.

“உம்பேரு என்ன கண்ணு?”

“சாந்தி.”

“அப்பா பேரு?”

“அம்மாசி.”

“இல்ல சாமி. ஜேசுதாஸ்.”

ஆராயி யோசித்தாள். “அப்ப எங்கப்பன யாரு வெச்சுக்குவாங்க?”

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். சாந்தாமேரி பிள்ளையின் வாயில் ஒரு பிஸ்கட்டை வைத்தாள். ஆராயி தின்றாள், இருமினாள், மறுபடி தின்றாள். மலைக்குளிரில் இருமாத பிள்ளை ஏது என்று சாந்தாமேரி அதைக் கவனிக்கவில்லை.

டாக்டரம்மா கவனித்தாள். நெஞ்சில் வைத்துக் கேட்டாள். கழுத்தைத் தடவிப் பார்த்தாள். கையில் ஊசி குத்தி, ஊசி போட்ட இடத்தை இரண்டு நாள் கழித்துக் காட்டச் சொன்னாள். எக்ஸ்ரே படமும் எடுக்கச் சொன்னாள். சாந்தாமேரி தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, மறுபடி போனாள். ஆராயியின் கையில் அந்த இடம் தடித்துச் சிவந்திருந்தது.

“பிரைமரி காம்ப்ளெக்ஸ்,” என்றாள் டாக்டரம்மா. “சின்னப் பிள்ளைகளுக்கு வர்ற டி.பி.”

சாந்தாமேரி அந்த அறையில் இருந்த பச்சைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பயப்படாதீங்க. மருந்து ஒழுங்கா சாப்பிட்டா போயிடும். முழுசா குணமாகி கவர்மென்ட் ஆஸ்பத்திரி சர்ட்டிபிகேட்டோட திரும்பி வாங்க. அதுவரைக்கும் உங்க விசா நிக்கும். பிள்ளைக்கு இது பெரியவங்ககிட்ட இருந்துதான் ஒட்டும். வீட்ல யாராவது நாள்பட இருமுறாங்களா?”

“இல்லீங்க,” என்றாள் சாந்தாமேரி. அவள் வீட்டில் யாரும் இருமவில்லை. சொன்ன பிறகுதான் அம்மாசியின் ஞாபகம் வந்தது. பாவாயியின் புருஷன். கம்பங்கொல்லையில் அவன் இருமினால் பாதைவரை கேட்கும். பீடி இருமல் என்று எல்லாரும் சொல்வார்கள்.

இது என் பிள்ளை இல்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் விசா அன்றைக்கே செத்துப்போகும். சாந்தியின் நீல உதடுகள் கண்ணில் நின்றன. எக்ஸ்ரே படத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஆராயியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

மலைமேல் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பாவாயி ஓடிவந்து மகளை வாங்கிக்கொண்டாள். சாந்தாமேரி டீக்கடை ஓரமாக நிறுத்தி, ஒளிக்காமல் சொன்னாள். பாவாயி கேட்டுக்கொண்டே பிள்ளையின் தலையில் பேன் பார்ப்பது போல விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“உங்க புள்ளயக் காப்பாத்தப் போயி எம்புள்ளைக்கு இருக்கறது தெரிஞ்சுதுங்க,” என்றாள் கடைசியில். “இல்லாட்டி யாரு பாக்கறா?”

“சேலம் பெரியாஸ்பத்திரியில மருந்து இனாம். நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா...” சாந்தாமேரி குரலைத் தாழ்த்தினாள். “சாந்தி பேர்லயே வாங்கணும் பாவாயி. சர்ட்டிபிகேட் அந்தப் பேர்ல வேணும். மருந்து ஆராயி வயித்துக்குத்தான் போவுது. பேரு மட்டும்.”

பாவாயி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “பேருல என்ன இருக்குதுங்க. நானு யாரு யாரு பேர்லயோ நின்னவதான,” என்றாள்.

சேலத்துக்கு அம்மாசியும் வந்தான், பிள்ளையைச் சுமக்க. சீட்டு எழுதும் ஜன்னலில் கூட்டம். சாந்தாமேரி முன்னால் நின்றாள், பாவாயி பக்கத்தில். அம்மாசி சுவரோரம் குந்தியிருந்தான்.

“கொழந்த பேரு?”

“சாந்திங்க.”

“அப்பா பேரு?”

பாவாயியின் இடுப்பில் இருந்த ஆராயி முந்திக்கொண்டாள். “ஜேசுதாஸ்.”

எழுதுகிறவர் சிரித்தார். “கெட்டிக்காரி. ஊரு, ஊட்டு அடையாளம் சொல்லுங்க. எங்க ஆளு அங்க வருவாரு. ஊட்ல இருக்கற எல்லாரையும் சோதிக்கணும். ஒருத்தர விட்டாலும் புள்ளைக்கு மறுபடி ஒட்டிக்கும்.”

சுவரோரத்தில் இருமல் கிளம்பியது. அடிவயிற்றிலிருந்து இழுத்து, நிற்காமல். கூட்டம் விலகிப் பார்த்தது. அம்மாசி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். துண்டில் சிவப்பு இருந்தது.

“அவரு யாரு? கொழந்தைக்கு என்ன வேணும்?” என்றார் ஜன்னலில் இருந்தவர்.

சாந்தாமேரி சுவரோரம் திரும்பிப் பார்த்தாள். சாந்தியின் அப்பன் ஜேசுதாஸ் என்று எழுதியாயிற்று. ஆஸ்பத்திரி ஆள் எஸ்டேட்டில் சாந்தாமேரி குடியிருக்கும் லைன் வீட்டுக்கு வருவார். சாந்தியையும் அவளையும் பார்த்துவிட்டுப் போவார். செம்மநத்தத்தில் அம்மாசி இருமிக்கொண்டே இருப்பான், ஆராயி அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டே இருப்பாள்.

“ஊரு செம்மநத்தம்னு போட்டுக்கலாங்களா?” என்று மெதுவாகக் கேட்டாள் சாந்தாமேரி.

“எந்த ஊர் வேணாப் போடறேன். அப்பன் ஜேசுதாஸ்னா அந்த ஜேசுதாஸத்தான் தேடுவோம். இவரு யாருன்னு கேட்டேன்.”

பாவாயி அவள் முகத்தைப் பார்த்தாள். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. “சொல்லுங்கக்கா. யாருன்னு சொல்லுங்க.”

பின்னால் நின்ற கிழவர், “ஊட்டுக்காரன் யாருன்னு சொல்லறதுக்கு இத்தன நேரமா, நாங்கெல்லாம் நிக்கறதா வேண்டாமா,” என்று முனகினார்.

சாந்தாமேரி மெட்ராஸில் சாந்தி பேரில் எடுத்த எக்ஸ்ரே படத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

“அவருதானுங்க அப்பன். அடிச்சுட்டு எழுதுங்க. கொழந்த பேரு ஆராயி. அப்பா அம்மாசி. படம் புதுசா எடுத்துக்கங்க.”

“அப்ப நீங்க யாரும்மா?”

“பக்கத்து ஆளுங்க.”

விசா நின்றுபோன சேதி அதற்குள் எஸ்டேட்டில் பரவியிருந்தது. மறுநாள் காலை ரைட்டர் சின்னசாமி அவளைப் பார்த்ததும் உரக்கக் கேட்டார். “என்ன மேரி, ஆஸ்திரேலியா பஸ்ஸு அடிவாரத்துலயே பஞ்சராயிருச்சா?”

வரிசை சிரித்தது. அவளும் கொஞ்சம் சிரித்தாள். ஆராயி பேரில் வரும் சர்ட்டிபிகேட் விசாவுக்கு உதவாது. இனி சாந்தியையே கூட்டிக்கொண்டு அந்த டாக்டரம்மா முன்னால் நிற்க வேண்டும். நெஞ்சில் வைத்ததுமே அவளுக்கு ஓட்டை கேட்டுவிடும். போனதடவை வந்த பிள்ளை யார் என்றும் கேட்பாள். ஜேசுதாஸுக்கு இதை எப்படிச் சொல்வது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

பாவாயி அன்றைக்கு வரவில்லை. அவள் நின்றிருக்க வேண்டிய பேருக்கு யாரும் நிற்கவில்லை. ரைட்டர் அதை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு விட்டுவிட்டார்.

மேட்டுக்காட்டுக்குப் பழம் பறிக்கப் போகும் வழியில், கூட வந்த சாந்தி பாதியிலேயே குந்திக்கொண்டாள். “கொஞ்சம் இரும்மா,” என்றாள். சாந்தாமேரி உதடு நிறம் திரும்பும்வரை நின்றாள். திரும்பியது பாதிதான். கூடையை முதுகுக்குத் தள்ளி, பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மேலே நடந்தாள்.