எங்க வூட்டுல ஓடுற ஐஸ் வண்டி

ஐஸ் வண்டின்னா எங்க ஊர்ல ஒண்ணுதான். மீனுக்குப் போட ஐஸ் கட்டி ஏத்திக்கிட்டு ஹார்பருக்கு வரும், வழியெல்லாம் தண்ணி சொட்டும். ஆனா எங்க வூட்டுல கொஞ்ச மாசமா இன்னொரு ஐஸ் வண்டி ஓடுது. போன் கேமுக்குள்ள ஓடுது. முன்னால சறுக்குக் கட்டை ரெண்டு, பின்னால பெல்ட்டு, சக்கரமே கெடையாது. எங்கியோ வெளிநாட்டுப் பனி மலையில சர்ருன்னு போவுது. ஓட்டுறது எங்க வூட்டுக்காரரு வினோத்குமாரு. கடல்ல மீன்புடி போட்டு ஓட்ட வேண்டிய மனுசன்.

நான் மோகனப்பிரியா. சோனாங்குப்பத்துல இருக்கோம். ஏலத்துல மீன் எடுத்து விக்கிறேன். எனக்குக் கோவம் ஜாஸ்தின்னு ஊரே சொல்லும், சொல்லிட்டுப் போவட்டும். காலையில ஏந்திரிச்சதுலேருந்து அந்த வ்ர்ர்ர்ருங்கிற சத்தத்தக் கேட்டுக்கிட்டே கொழம்பு வெச்சுப் பாருங்க, உங்களுக்கும் வரும்.

அதுக்காக கேமே மோசம்னு சொல்லமாட்டேன். நியாயத்த சொல்லணும்ல. அவுரு வெளிய போற நேரம் பாத்து நானும் திருட்டுத்தனமா ஆடியிருக்கேன். தொறந்த ஒடனே ஓடும். கதை கிதைன்னு இழுக்காது. எங்களோடது பழைய போனு, படம் பாத்தாலே ஹேங் ஆவும், ஆனா இது மட்டும் எங்கியும் நிக்காது. எடக்கை கட்டவெரல்ல திருப்பு, வலக்கை கட்டவெரல்ல முறுக்கு, வேகம் ஏறும், அவ்வளவுதான் வேலை. வண்டி திரும்புற எடத்துல பனி பறக்கும் பாருங்க, அரிசி மாவு சலிக்கிறப்போ பறக்குமே அந்த மாதிரி. மேட்டுல ஏறி அந்தரத்துல போறப்போ வயித்துல ஜில்லுன்னு ஒண்ணு புடிக்கும். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒரு ஜில்லுக்காகவே திரும்பத் திரும்ப ஆடலாம்.

கொற இல்லாமயா? நெறைய கெடக்கு. நீங்க எவ்வளவு வேகமாத்தான் போங்களேன், பின்னால வர்றவன் கவுறு கட்டி இழுத்த மாதிரி ஒட்டிக்கிட்டே வருவான். நீங்க உழுந்துட்டா அவனும் மெதுவாப் போயி உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருப்பான். அது என்னா பந்தயம்? உழுந்தா ஒரு வெளம்பரம், ஏந்திரிச்சா ஒரு வெளம்பரம். மரத்துல மோதினா ஓட்டுறவன் பொம்ம மாதிரி பறந்து போயி, மறு நிமிசமே எலும்பு கிலும்பு எதுவும் ஒடையாம வண்டி மேல குந்தியிருப்பான். அந்தரத்துல போறப்போகூட வண்டிய இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பலாம். அலை மேல ஏறுன போட்ட எவனாவது திருப்பிக் காட்டட்டும், அவன் கால்ல உழுவுறேன்.

எல்லாத்தயும்விட பெரிய கொற, பிரேக்குன்னு ஒரு பட்டன் வெச்சிருக்கான், எதுக்குன்னே தெரியல. மரம் வந்தாலும் முறுக்கு, வளைவு வந்தாலும் முறுக்கு. வேகத்தக் கொறைச்சவன் தோத்தான். மூணாவது மலையில ஒரு பெரிய பள்ளம் வரும். முழுசா முறுக்கிக்கிட்டே போனா சின்னப் புள்ளகூட தாண்டிடும். நான் ரெண்டாவது தடவையே தாண்டிட்டேன். இவுரு இத்தன மாசமா தாண்டல. அந்தப் பள்ளத்துல உழுவுறதும், திரும்ப மொதல்லேருந்து வர்றதும், திரும்ப உழுவுறதும். பாக்கவே சகிக்கல. போட்டு ஓட்டுன கையி இதுதானான்னு நான் கிண்டல்கூட பண்ணியிருக்கேன். அவுரு திரும்ப மொதல்லேருந்து ஆரம்பிப்பாரு.

ஏன் வூட்டுல கெடக்காருன்னு கேப்பீங்க. உத்திராபதி அண்ணனோட ஃபைபர் போட்டுல இவுருதான் டிரைவரு. என் கூடப் பொறந்த தம்பி ஜெயசீலன் முன்னால நிக்கிற ஆளு. எங்க முகத்துவாரத்துல அலை ஒடையும். போட்டு தலைய தூக்கிட்டா பின்னால இஞ்சின் புடிச்சிருக்கிறவருக்கு ஒண்ணும் தெரியாது. முன்னால நிக்கிறவன் பாத்து சொல்லணும், பின்னால இருக்கிறவரு கேக்கணும். போன வாடைக் காத்துல ஒரு நாளு வெளிய போறப்போ பெரிய அலை ஒண்ணு வந்துச்சு. சீலன் "உடு"ன்னு கத்தியிருக்கான். போட்டு அலை மேல ஏறிக் கவுந்துடுச்சு. இவுரு நீந்திட்டாரு. சீலன் போட்டுக்கும் முகத்துவாரத்துல கொட்டியிருக்கிற கருங்கல்லுக்கும் நடுவுல மாட்டி இடுப்பு எலும்பு நொறுங்கிப் போச்சு.

ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்தவுங்க எல்லார்கிட்டயும் சீலன் ஒண்ணேதான் சொன்னான். நான் உடுன்னு சொன்னேன், மாமா கேக்கல. அவ்வளவுதான் பேச்சு. கொறைக்கச் சொல்லியும் முறுக்கிட்டாருன்னு அது கரையெல்லாம் பரவிடுச்சு. முன்னால நிக்கிறவன் பேச்சக் கேக்காத டிரைவரோட எவன் கடலுக்குப் போவான்? உத்திராபதி அண்ணன் இவுர எறக்கி உட்டுட்டாரு. சீலனால இனிமே போட்டுல நிக்கவே முடியாது. செல்போன் ரிப்பேரு கத்துக்கிட்டு சிதம்பரம் கீழவீதியில சின்னதா ஒரு கடை போட்டு அங்கியே தங்கிட்டான். ஊருக்கே வர்றதில்ல. மாமனும் மச்சானும் பேசிக்கிறதும் இல்ல. நடுவுல நான் ஒருத்தி, யாரு பக்கம் பேசுனாலும் எனக்குத்தான் ஏச்சு.

இவுரு வாயத் தொறக்கமாட்டாரு. என்னா நடந்துச்சுன்னு கேட்டா ஏந்திரிச்சு கரைக்குப் போவாரு, போன வேகத்துல திரும்பி வருவாரு, வாசல்ல நிப்பாரு, உள்ள வருவாரு, போன எடுப்பாரு. சோத்துல கைய வெச்சுட்டு பாதியில ஏந்திரிச்சுப் போவாரு. அவுரப் பாத்துப் பாத்து எனக்கும் ஒரு எடத்துல இருப்புக் கொள்ளாமப் போயிடுச்சு.

இப்பிடி இருக்கறப்போதான் ஏலத்துல உத்திராபதி அண்ணன் என்னக் கூப்பிட்டு சொன்னாரு. நாளைக்குப் புது இஞ்சின் மாட்டுறாராம். சீலன் வாயால மாமா ஓட்டட்டும்னு ஒரு வார்த்த வந்தா வினோத்துக்கே குடுத்துடறேன், இல்லன்னா வேற ஆளு பேசி வெச்சிருக்கேன், பொறவு என்னக் கொற சொல்லாதம்மான்னாரு. வூட்டுக்கு வந்து சொன்னேன். சீலன்கிட்ட போயி நிக்காதன்னு மட்டும் சொன்னாரு. சொல்லும்போதே கை தவறி போனு கீழ உழுந்து டிஸ்ப்ளே தூள் தூளாப் போச்சு. சீலன் கடைக்குப் போவ எனக்கு அது போதும். டிஸ்ப்ளே மாத்திக்கிட்டு வர்றேன்னு போன முந்தானையில முடிஞ்சுக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

முதுநகர்ல பஸ் ஏறுனேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம்னு நின்னு நின்னு போவுது. ஏறின ஆளு உள்ள போறதுக்குள்ள கண்டக்டரு உடு உடுன்னு கத்துறாரு, ஆனா டிரைவருக்கு அவசரமே இல்ல. எனக்கு எறங்கித் தள்ளிடலாம்னு இருந்துச்சு. என்னா சொல்லி ஆரம்பிக்கிறது, அழுவுறதா திட்டுறதான்னு யோசிச்சுக்கிட்டே போனதுல முட்லூர் தாண்டுனதே தெரியல.

சீலன் என்னப் பாத்ததும் சாப்ட்டியாக்கான்னு கேட்டான். போன வாங்கி, யாரோடதுன்னு தெரிஞ்சும் பிரிக்க ஆரம்பிச்சான். நான் நேராவே கேட்டுட்டேன். உத்திராபதி அண்ணன் சொன்னத சொன்னேன், இவுரு வூட்டுல கெடக்கிற லட்சணத்த சொன்னேன், ஒரே ஒரு வார்த்த சொல்லேன்டான்னேன். அவன் தலையத் தூக்கவே இல்ல. "என் இடுப்பு போச்சுக்கா. தப்பு பண்ணிட்டேன்டான்னு ஒரு தடவ வந்து சொன்னாரா? அந்தப் பேச்ச உடு"ன்னான். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். கடைன்னும் பாக்காம நல்லாத் திட்டிட்டேன். அவன் பாட்டுக்கு புது டிஸ்ப்ளேய ஒட்டிக்கிட்டு இருந்தான்.

ஒட்டி முடிச்சா டச் வேலை செய்யுதான்னு பாக்கணும்ல. போன ஆன் பண்ணதும் அந்த கேம்தான் மொதல்ல வந்து நின்னுச்சு. அந்த கேம்ல இன்னொரு வழக்கம் இருக்குது. எப்பிடி உழுந்தோம்னு ஒவ்வொரு தடவையும் படம் புடிச்சு வெச்சுக்கும், வேணுங்கிறப்போ மெதுவா ஓட்டிப் பாக்கலாம். எவ்வளவு முறுக்குனோம்னு கீழ ஒரு செவப்புக் கோடு காட்டும். சீலன் வெரல வெச்சதுல ஒண்ணு ஓடுச்சு. மூணாவது மலை. வண்டி பள்ளத்துக்கு நேரா வருது, செவப்புக் கோடு நெறைஞ்சு நிக்குது. மேடு ஏறுற எடத்துல கோடு பொசுக்குன்னு காணாமப் போவுது. வண்டி தலகுப்புற உள்ள போவுது.

அடுத்தத ஓட்டுனான். அதே எடம், அதே மாதிரி கோடு காணாமப் போச்சு. இன்னொண்ணு. அதுவும் அப்பிடித்தான். ஒரு கஸ்டமர் வந்து சார்ஜர் கேட்டாரு, இவன் காதுலயே வாங்கல. எனக்கும் அப்பதான் உறைச்சுச்சு. தாண்டத் தெரியாம உழுவல இந்த மனுசன். ஏறுற எடத்துல கைய எடுத்துடறாரு. அன்னிக்கு எடுக்காத கைய தெனம் எடுத்துக்கிட்டுக் கெடக்காரு. அந்தப் பாழாப்போன கேம்ல கைய எடுத்தா உழுவணும்னு வெச்சிருக்கான். இதுக்குப் போயி நான் கிண்டல் பண்ணியிருக்கேன்.

சீலன் போன கீழ வெச்சுட்டான்.

"அக்கா, எப்பவும் நான் கொறைன்னுதான் சொல்லுவேன். அன்னிக்குப் பயத்துல உடுன்னு வந்துடுச்சு. எத உடுன்னு நான் சொல்லல."

எனக்குக் கொஞ்சம் நேரம் புடிச்சுது புரிய. இப்பத்தான் பஸ்ஸுல கண்டக்டரு உடுன்னாரு, வண்டிய ஓட்டுன்னு அர்த்தம். இவன் பேச்ச உடுன்னான், நிறுத்துன்னு அர்த்தம். முன்னால நின்னு உடுன்னு கத்துனா பின்னால இருக்கிறவரு எத எடுத்துக்குவாரு? முறுக்குன கைய உடுன்னா, போட்ட உடுன்னா? அடப்பாவி, இத்தன நாளா இத மனசுல வெச்சுக்கிட்டா இருந்தன்னு கேட்டேன். ஆஸ்பத்திரியிலயே தோணுச்சு, சொல்ல மனசு வரலன்னான். சொல்லிட்டு ஷட்டர இழுத்து மூடினான். காலை இழுத்து இழுத்து என்கூட பஸ்ஸுக்கு வந்தான்.

வழியெல்லாம் எனக்குச் சந்தோசம். தப்பு யாரு மேலயும் இல்ல, ஒரு வார்த்த பண்ண வேலை, தீந்துச்சுன்னு நெனச்சேன். நாளைக்கு இவுரு கடலுக்குப் போவும்போது என்னா கட்டிக் குடுக்கலாம்னுகூட யோசிச்சுட்டேன்.

வூட்டுக்குப் போனா இவுரு வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாரு. சீலனப் பாத்ததும் உள்ள போவப் பாத்தாரு, நான் குறுக்க நின்னுட்டேன். சீலன் செவுத்தப் புடிச்சுக்கிட்டு, வந்த வெசயத்த நின்ன வாக்குலயே சொன்னான். நான்தான் மாமா தப்பா சொல்லிட்டேன், உடுன்னா நீ ஓட்டச் சொல்றேன்னு நெனச்சிருப்ப, உத்திராபதி அண்ணன்கிட்ட நான் பேசிடறேன்னான். அவன் அத சொல்லி முடிக்கிறதுக்குள்ள வேர்த்துப் போச்சு. ஆமாம்னு ஒரு தலையாட்டு ஆட்டுனா போதும் இந்த மனுசன்.

இவுரு ஆட்டல. சீலனோட இடுப்பயே பாத்துக்கிட்டு நின்னாரு.

"இல்ல மச்சான். நீ கொறைக்கச் சொன்னது எனக்குப் புரிஞ்சிச்சு. பக்கத்துல போன போட்டு அலை மேல ஏறித் தாண்டிடுச்சு, நாமளும் ஏறிடலாம்னு முறுக்குனேன். வார்த்த மேல பழி போடாத, நான்தான் பண்ணேன்."

எனக்கு அப்பிடியே அவுரு தலையில எதையாவது எடுத்துப் போட்டா என்னான்னு இருந்துச்சு. கையில வந்த சோத்தத் தட்டி உடுறாரே. இத்தன மாசம் ஊமையாட்டம் இருந்துட்டு, வாயத் தொறக்கிறதுக்கு இந்த நேரந்தானா கெடச்சுது? சீலன் மூஞ்சியப் பாக்கவே பயமா இருந்துச்சு. இடுப்ப ஒடச்சவரே ஆமாம் நான்தான்னு சொன்னா அவன் என்னா செய்வான்?

சீலன் கீழ குந்துனான். அவனுக்குக் குந்துறதே பெரும்பாடு, இவுரு ஓடிப்போயி கையப் புடிச்சாரு. அவன் அந்தக் கைய உதறல. என்கிட்டேருந்து போன வாங்கி உத்திராபதி அண்ணனுக்குப் போட்டான். புது ஆளு வேணாண்ணே, மாமாவே ஓட்டட்டும்னான். அந்தப் பக்கம் அவுரு என்னமோ கேட்டாரு. அப்ப அன்னிக்குத் தப்பு ஆரோடதுடான்னு கேட்டிருப்பாரு போல.

"அவரோடதுதாண்ணே. எல்லாத்தயும் என் மேல தள்ளிடச் சொல்லி நானே வழி காட்டுனேன், அவரு அந்த வழியில போவல. அதனாலதான் சொல்றேன், அவரு ஓட்டட்டும்."

நான் அடுப்பங்கரைக்குப் போயி அழுதேன். தம்பி மேல இருந்த கோவம் போச்சு, இவுரு மேல இருக்குற கோவம் இன்னும் போவல.