உதட்டுத் தையலின் அளவு

முகத்தை மூடியிருந்த பச்சைத் துணிக்கு அடியில் அவள் அசையாமல் படுத்திருந்தாள். துணியில் காயத்துக்கு மட்டும் ஓர் ஓட்டை. மரப்பு ஊசி போட்டாயிற்று. ஹெல்மெட்டை ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டிவிட்டு, "இதோ இருக்கிற ஆபீசுக்கு இது எதுக்கு?" என்று கிளம்பிய புத்திசாலி அவள். ஆஸ்பத்திரிக்கு முந்தைய திருப்பத்தில் வண்டி வழுக்கி, வேலிக் கம்பி கன்னத்தைக் கிழித்துக்கொண்டு மேலுதடு வரை வந்துவிட்டது.

தைத்துக்கொண்டிருந்த டாக்டர் சட்டென்று நிறுத்தினார்.

"சிஸ்டர், ஸ்கேலை வைங்க. கன்னத்துல எவ்வளவு?"

"ஆறரை சென்டிமீட்டர் டாக்டர்."

"எழுதிக்கச் சொல்லுங்க. தோலை அடியில இருந்து விடுவிச்சு, இழுத்துத் தச்சிருக்கு. எவ்வளவு அகலம் விடுவிச்சோம்ங்கறதையும் சேர்த்துக்கணும்."

"முன்னெல்லாம் நடுவுல இப்படிக் கையை நிறுத்தவே மாட்டீங்க."

"என்ன பண்றது? எழுதலேன்னா எதிர்க் கட்டடத்துல இருந்து திரும்பி வந்துடுதே."

"எல்லாம் அந்த நாலாம் மேஜை பண்ற வேலை. யாரோ ஒரு பொம்பளையாம். ராட்சசி! ஒரு காயத்தையாவது நேர்ல பார்த்திருப்பாளா? இன்னும் ஒரு ஃபைல் திரும்பி, கெடுவுக்குள்ள சரி பண்ணலேன்னா உங்களைக் கமிட்டி முன்னாடி நிக்க வெச்சுடுவாங்க. ஆறு மாசத்துக்குக் கத்தியைத் தொட முடியாது."

"விடுங்க சிஸ்டர். அவங்க வேலையை அவங்க பார்க்கறாங்க."

துணிக்கு அடியில் படுத்திருந்தவள்தான் அந்த நாலாம் மேஜை.

எதிர்க் கட்டடம் என்பது பில்லிங் ஆபீஸ். டாக்டர்கள் எழுதும் ஆபரேஷன் குறிப்புகள் அங்கே வரும். நோயாளியின் பெயர் இருக்காது, வெறும் எண்தான். குறிப்பைப் படித்து, அந்தத் தையல் சாதாவா, நடுத்தரமா, சிக்கலானதா என்று பிரித்து, அதற்குரிய குறியீட்டு எண்ணைப் போட்டு இன்சூரன்சுக்கு அனுப்பவேண்டும். கன்னம், நெற்றி, தாடை ஒரு கூட்டம். மூக்கு, காது, இமை, உதடு இன்னொரு கூட்டம். ஒரே கூட்டத்தில் ஒரே வகைத் தையல் இரண்டு இருந்தால் நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம். கூட்டம் மாறினால் கூடாது. இதிலெல்லாம் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. 'முகம் வந்தா நாலாம் மேஜைக்குத் தள்ளு' என்பதுதான் அங்கே பேச்சு.

இந்த டாக்டருக்கு அவள் வைத்த பெயர் 'ஒருவரி'. 'முகத்தில் ஆழமான காயம், தைக்கப்பட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அவளும் சளைக்காமல், 'நீளம் குறிப்பிடப்படவில்லை. எழுதப்படாததைச் செய்ததாகக் கொள்ள இயலாது' என்று திருப்பி அனுப்புவாள். அவர் எழுதுவதை அவரைப் போலவே உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டு வீட்டில் நடித்துக் காட்டுவாள். அவர் முகத்தை அவள் பார்த்ததே இல்லை என்பது வேறு விஷயம். புருஷன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

"என்ன வேலைம்மா பார்க்கறீங்க?" டாக்டர் கேட்டார். பயத்தில் உடம்பு விறைத்துக் கிடக்கிறாள் என்று பேச்சுக் கொடுத்திருப்பார்.

"டீச்சர்."

வாயில் வந்த பொய்யை விழுங்குவதற்குள் அடுத்த கேள்வி வந்தது. "எந்த வகுப்பு?"

"மூணாவது."

"அட, என் பொண்ணும் மூணாவதுதான் டீச்சர்," என்றாள் நர்ஸ். "படிக்கவே மாட்டேங்கறா, எந்நேரமும் பாட்டுதான். என்ன பண்றதுன்னே தெரியல."

"தினம் எழுத வைங்க," என்றாள் நாலாம் மேஜை. சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"பேசினது போதும். உதட்டுக்கு வந்துட்டேன்," என்றார் டாக்டர். "இந்த ஓரம் ஒரு நூல் பிசகினாலும் காலத்துக்கும் கோணலாத் தெரியும். மரப்பு கொஞ்சம் குறைஞ்சிருக்கு, இன்னொரு ஊசி போடறேன். பொறுத்துக்குங்க டீச்சர்."

உதட்டில் ஊசி இறங்கியபோது அவளுக்கு உயிர் போய் வந்தது. கைக்கு அகப்பட்டதைப் பிடித்தாள். அது நர்ஸின் கை. ஸ்கேல் தரையில் விழுந்து சத்தம் போட்டது.

"டாக்டர், உதட்டுக்கு அளவு..."

"கிடக்கட்டும் சிஸ்டர். முதல்ல அவங்க கையை விடாதீங்க."

நர்ஸ் விடவில்லை. உதடு தைத்து முடியும்வரை, நகம் பதியப் பதிய, கையைக் கொடுத்துக்கொண்டே நின்றாள்.

வீட்டில் புருஷன் அவள் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். "கார்டுல பேரைப் பார்த்தேன். நீ கிண்டல் பண்ணுவியே ஒருவரி டாக்டர், அவர்தானாமே? நல்லவேளை, தையலை ஒரே வரியில முடிக்கல."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். தையல் பிரிந்துவிடும் என்று சைகை காட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆபீசில் 'கொஞ்சம் சிராய்ப்பு' என்றுதான் சொல்லியிருந்தாள். தையல் பிரிப்பதற்கு முந்தின நாள் பக்கத்து மேஜைப் பெண் போன் செய்தாள். அவள் கைபிடித்து வேலை சொல்லிக்கொடுத்த பெண்.

"அக்கா, உங்க ஒருவரி டாக்டர் ஃபைல் இன்னிக்கு எனக்கு வந்துச்சு. நம்பவே மாட்டீங்க, ஒரு பக்கம் எழுதியிருக்கார்! கன்னத்துக்கு எல்லாம் இருக்கு. உதட்டுக்கு மட்டும் அளவு இல்ல. விடுவேனா? உங்க வரியை அப்படியே போட்டுத் திருப்பிட்டேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அளவு வரலேன்னா கமிட்டிக்குப் போயிடும். சரிதானேக்கா?"

அந்த ஃபைல் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அந்த அளவு ஏன் இல்லையென்று உலகத்திலேயே மூன்று பேருக்குத்தான் தெரியும், அதில் அவள் ஒருத்தி.

"சரியாத்தான் பண்ணியிருக்க," என்றாள்.

போனை வைத்தபின் வெகுநேரம் கண்ணாடி முன்னால் நின்றாள். உதட்டு ஓரம் இம்மியும் பிசகாமல் சேர்ந்திருந்தது.

மறுநாள் தையல் பிரிக்கும் அறையில் டாக்டர் கையில் ஸ்கேலோடு தயங்கி நின்றார்.

"பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். உதட்டுல ஒரு தடவை அளந்துக்கறேன். அன்னிக்கு விட்டுப்போச்சு, என் தப்புதான். அதைச் சேர்த்து அனுப்பிட்டா முடிஞ்சுது."

"அந்த ராட்சசி விடமாட்டா டீச்சர்," என்று நர்ஸ் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

பேசாமல் அளக்கக் கொடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"நான் டீச்சர் இல்ல," என்றாள். உதடு இழுத்தது. "எதிர்க் கட்டடத்துல வேலை. நாலாம் மேஜை... நான்தான்."

நர்ஸ் தட்டில் இருந்த கத்தரிக்கோலை எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவள் காத்திருந்தாள்.

டாக்டர் திட்டவில்லை. ஸ்கேலைத் துடைத்து, அவள் உதட்டின் மேல் பஞ்சுபோல வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணே முக்கால் வருது. இப்படி எழுதினா போதுமா, இல்ல மில்லிமீட்டர்ல வேணுமா? எனக்கு இது எப்பவுமே சரியாத் தெரியறதில்ல."

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். இத்தனை ஃபைல்களைத் திருப்பினாளே, எப்படி எழுதவேண்டும் என்று ஒருமுறையாவது எதிர்க் கட்டடத்திலிருந்து தெருவைத் தாண்டி வந்து சொன்னாளா?

"போதும் டாக்டர்," என்றாள். தலையையும் ஆட்டினாள்.

அவர் இடுக்கியை எடுத்தார். முதல் முடிச்சுக்குக் குனிந்தபோது, நர்ஸ் அவள் முகத்தைப் பார்க்காமலே அருகில் வந்து நின்று, கையை நீட்டினாள்.

"சுருக்குன்னு இருக்கும். பிடிச்சுக்குங்க."

அந்தக் கையின் மேல் நான்கு நகத் தடங்கள் பொருக்குத் தட்டியிருந்தன. அவள் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.