கை தூக்கினால் கிழியாத சட்டை

கம்பிக்காரர் காலையிலேயே பியானோவுக்குச் சுருதி சேர்த்து முடித்துவிட்டார். கம்பிகளை முறுக்கும் சாவியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது, அரங்கத்தின் மேனேஜர் மேடைப் படிகளில் தாவி ஏறி வந்தார். சாயங்காலக் கச்சேரியில் பியானோ வாசிப்பவர் அருகே உட்கார்ந்து இசை நோட்டின் பக்கம் புரட்ட வேண்டிய பெண்ணுக்குக் கடும் காய்ச்சலாம், எழுந்து நிற்கக்கூட முடியவில்லையாம். பியானோ வாசிக்கும் அம்மாளோ, சுருதி சேர்க்க வருகிறவருக்கு நோட்டு படிக்கத் தெரியுமே, அவரையே உட்கார வையுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

தெரியும்தான். இளவயதில் சில வருஷம் பியானோ கற்றுக்கொண்டவர். விரல்கள் மறந்துவிட்டாலும் கண் மறக்கவில்லை. அந்த மேடைப் பியானோவின் வயிற்றுக்குள் எத்தனையோ முறை தலையை விட்டிருக்கிறார். விளக்கு எரியும்போது, ஆட்கள் நிறைந்திருக்கும்போது, ஒரு தடவைகூட அங்கே இருந்ததில்லை. யோசிப்பதற்கு முன்பே தலை ஆடிவிட்டது.

மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கறுப்பு பேன்ட், வெள்ளை முழுக்கைச் சட்டை. சட்டை மட்டும் அளவா இருக்கணும், பாத்துக்குங்க" என்றார். அம்மாள் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். ஏதோ ஒரு ஊரில், பக்கம் புரட்டியவரின் தொளதொளத்த மணிக்கட்டுத் துணி நோட்டின் மேல் விழுந்து ஒரு வரியையே மறைத்துவிட்டது. அம்மாள் நிறைந்த சபையில் வாசிப்பை நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாராம். இந்தக் கதையை மேனேஜர் சொல்லச் சொல்லக் கம்பிக்காரர் தன் கைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

அவர் உடம்பு வாகு அப்படி. கழுத்து தூண் மாதிரி, தோள் கதவு மாதிரி. கைகள் இரண்டும் வேறொரு நெட்டையான ஆளுக்குச் செய்து தவறுதலாக இவருக்கு மாட்டிவிட்டது போல நீளம். அரைக்கைச் சட்டை போட்டால் தொல்லை இல்லை என்று காலத்தை ஓட்டிவந்தவர். மேனேஜரிடம் கடன் வாங்கலாம் என்றால், அவர் தீக்குச்சிக்கு அண்ணன் தம்பி.

வீட்டுக்கு ஓடி அலமாரியைக் குடைந்தார். கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டை அடியில் கிடந்தது. காலர் பழுத்துப்போயிருந்தது. மூச்சை உள்ளே இழுத்துப் பட்டன்களைப் போட்டார். மூச்சை விட்டதும் வயிற்றருகே இரண்டு பட்டன்களுக்கு நடுவே உள்பனியன் எட்டிப் பார்த்தது.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு போன் போட்டு விஷயத்தைக் கொட்டினார். "உங்க அண்ணனுக்கும் உங்களுக்கும் ஒரே அளவுதானே. அவர்கிட்ட இருக்குமே" என்றாள்.

"வேற ஏதாவது இருந்தா சொல்லு."

கடையில் ஆள் வந்துவிட்டது என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

அண்ணன் பஸ் ஓட்டியவர். அண்ணன் தம்பி இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது. கம்பிக்காரருக்கு இவள் இரண்டாம் மனைவி. முதல் மனைவி இறந்த சூட்டோடு இன்னொரு கல்யாணமா என்று அண்ணனுக்கு மனத்தாங்கல். அது வாயில் வராமல் அண்ணன் மகளின் கல்யாணப் பத்திரிகையில் வந்தது: தம்பி பெயர் இருந்தது, தம்பி மனைவியின் பெயர் இல்லை. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, கம்பிக்காரர் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. இவள்தான் போய்வரச் சொல்லிப் பார்த்தாள். அவர் மசியவில்லை.

கடைத்தெருவுக்குப் போனார். முதல் கடையில், கழுத்துக்குச் சரியாக இருந்த சட்டை இடுப்பில் கூடாரமாக நின்றது. இடுப்புக்குச் சரியான சட்டையில் காலர் பட்டனும் அதன் ஓட்டையும் ஜென்மத்தில் சந்திக்கப்போவதில்லை என்று தெரிந்தது. எதைப் போட்டாலும் மணிக்கட்டு எலும்பு வெளியே நின்றது. அடுத்த கடைப் பெண் பொறுமைசாலி. அட்டைகளையும் குண்டூசிகளையும் பிரித்துப் பிரித்து ஒரு குவியலே சேர்த்துவிட்டாள். கடைசியில் ஒன்று ஓரளவு உட்கார்ந்தது. கண்ணாடி முன்னால் நின்று, இடது கையை நீட்டி, இல்லாத ஒரு பக்கத்தைப் புரட்டினார். அக்குளில் சர்ரென்று ஒரு சத்தம்.

"கையை மட்டும் தூக்காதீங்க சார். மத்தபடி சூப்பரா இருக்கு" என்றாள் அந்தப் பெண்.

"கையைத் தூக்குறதுக்குத்தாம்மா என்னைக் கூப்பிட்டிருக்காங்க."

தையல் பிரிந்த இடத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. பக்கத்துத் தையல்கடையைக் காட்டினாள். தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்கக்கூட இல்லை. இன்றைக்கே வேண்டும் என்றால் போன வாரமே வந்திருக்க வேண்டும் என்றார். மேனேஜரின் போன் வேறு விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. சட்டை கிடைத்துவிட்டது என்று கம்பிக்காரர் கூசாமல் பொய் சொன்னார். சொன்ன பிறகு கால்கள் தாமாகவே பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தன.

பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் பிச்சை கேட்பது போலவே வந்தது. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்து, கதவருகே போய், மறுபடி உள்ளே வந்தார்.

கதவைத் திறந்தது அண்ணி. "வாங்க தம்பி" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. கம்பிக்காரர் வாசற்படியில் நின்றவாறே கச்சேரி, காய்ச்சல், கடைத்தெரு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார். அண்ணி கேட்டுவிட்டு உள்ளே போய், பிளாஸ்டிக் உறை போட்ட வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்துவந்து கையில் கொடுத்தார்.

முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தார். காலர் பட்டன் வம்பு செய்யாமல் உள்ளே போனது. தோள் தையல் தோளிலேயே நின்றது. மணிக்கட்டுத் துணி எலும்பைத் தொட்டு நின்றது. கையை நீட்டினார், தூக்கினார், உட்கார்ந்து எழுந்தார். எங்கேயும் பிடிக்கவில்லை. காலையிலிருந்து முதல் முறையாக மூச்சு சீராக வந்தது. சந்தோஷத்தில் வெளியே வந்து, இதை எடுத்துக்கொண்டு போனால் அண்ணனுக்கு வேண்டியிருக்காதா என்று கேட்டார்.

"அவருக்கு இனிமே அது ஆகாது தம்பி."

"ஏன், குண்டாயிட்டாரா?" என்று சிரித்தார்.

அண்ணி பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

ஜன்னலோரம் நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அண்ணன்தான் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் கழுத்து எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பனியனுக்குள் தோள் எலும்புகள் தனித்தனியாகத் தெரிந்தன. கைகளின் நீளம் மட்டும் அப்படியே மடியில் கிடந்தது. வயிற்றில் ஆபரேஷன், குடலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள் என்று அண்ணி பின்னாலிருந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

அண்ணன் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அண்ணியிடம், "நம்ம பொண்ணு கல்யாணத்துக்குத் தைச்சதுதானே அது?" என்றார்.

"ஆமா" என்றார் அண்ணி.

"உனக்குத் தைச்ச மாதிரியே இருக்கு."

கம்பிக்காரருக்குக் கோபம் வந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தா வந்திருப்பேன்ல."

"வந்திருப்பியா?"

பையில் போன் நடுங்கிக்கொண்டிருந்தது. உட்கார வேண்டும் என்றிருந்தது. உட்கார்ந்தால் கச்சேரிக்குப் போய்ச் சேர முடியாது. ஓடிவிட வேண்டும் என்றும் இருந்தது; ஓடினால் மனுஷனே இல்லை. ஒரு காலில் நின்று மறுகாலுக்கு மாறினார். வாசலில் சொன்னதெல்லாம் காதில் விழுந்திருந்த அண்ணன் இதையும் பார்த்துவிட்டு, பழைய டிரைவர் குரலை எங்கிருந்தோ வரவழைத்தார். "கையைத் தூக்கு. இன்னும் மேல. இப்ப உட்காரு. சரி, எந்திரி. எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. கிளம்பு, அந்தம்மா காத்துக்கிட்டிருப்பாங்க."

"அண்ணே..."

"கிளம்புடா."

கச்சேரி தொடங்கக் கொஞ்ச நேரமே இருக்கும்போது அரங்கத்துக்குள் நுழைந்தார். மேனேஜர் சட்டையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கேள்வி எதுவும் கேட்காமல் மேடைக்குத் தள்ளிவிட்டார். அம்மாளின் இடப்பக்கம் ஒரு நாற்காலி. அம்மாள் லேசாகத் தலையசைத்தால் எழ வேண்டும், குனிந்து இடது கையால் பக்கத்தின் மேல்மூலையைப் பிடித்துப் புரட்ட வேண்டும், சத்தமில்லாமல் உட்கார வேண்டும். முதல் உருப்படி வேகமானது. பயத்திலேயே அதை ஒழுங்காகச் செய்து முடித்தார். இரண்டாவது மெதுவானது. பக்கங்கள் நிதானமாக வந்தன. நிதானம்தான் கெடுத்தது. வந்திருப்பியா என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. நோட்டின் கறுப்புப் புள்ளிகளுக்கு நடுவே பனியனுக்குள் துருத்திய எலும்பு தெரிந்தது.

அம்மாள் தலையசைத்தார். கம்பிக்காரர் எழுந்து புரட்டினார். இரண்டு பக்கங்கள் ஒன்றாகப் புரண்டுவிட்டன.

அம்மாள் இடது கையால் மட்டும் வாசித்துக்கொண்டே, வலது கையை நீட்டி ஒரு பக்கத்தைத் திருப்பிப் போட்டார். ராகத்தில் சிறு பள்ளம் விழுந்து மூடிக்கொண்டது. சபையில் யாரோ இருமினார்கள். கம்பிக்காரருக்கு உச்சந்தலையிலிருந்து வியர்த்து வழிந்தது. அதன் பிறகு கடைசிவரை பல்லைக் கடித்துக்கொண்டு நோட்டைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

கைத்தட்டல் ஓய்ந்ததும் திரைக்குப் பின்னால் போய் மன்னிப்புக் கேட்டார். அம்மாள் துண்டால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சட்டை நல்லா இருந்துச்சு. மனசுதான் வேற எங்கேயோ இருந்துச்சு" என்றார்.

"எங்க அண்ணனுக்கு உடம்பு சரியில்லைங்க." வாய்விட்டுச் சொன்னபோதுதான் அது நிஜம் என்று அவருக்கே உறைத்தது.

"அப்ப இங்க ஏன் நிக்கிறீங்க?"

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. மனைவி கடையிலிருந்து நேராக வந்து வாசலில் காத்திருந்தாள். படியிறங்கியபடியே நடந்ததைச் சொன்னார். அவர் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார். சட்டையைத் துவைத்துத் தருகிறேன் என்று தொடங்கியவரை அண்ணன் முடிக்கவிடவில்லை. சட்டையை நீயே வைத்துக்கொள், எனக்கு எதற்கு என்றார்.

"இப்ப வரட்டுமாண்ணே?"

"வா. தனியா வராத."

போனை வைத்துவிட்டு அவளிடம் சொன்னார். அவள் வேறு பக்கம் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்கிறாளோ என்று நினைத்தார். இல்லை, பஸ் வருகிறதா என்று பார்த்தாள். அண்ணன் என்ன சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று கேட்டாள். அதைக் கேட்கவே இல்லையே என்று விழித்தார். மறுபடி கூப்பிட்டபோது அண்ணி எடுத்தார். காரம், எண்ணெய் ஆகாது, பழம் கொஞ்சம் சாப்பிடுகிறார் என்றார். பிறகு தயங்கி, "அவங்களும் வர்றாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றார் கம்பிக்காரர்.

பழம் வாங்கிக்கொண்டு நிறுத்தத்துக்கு வந்தார்கள். பஸ் தூரத்தில் திரும்பியது. அவள் தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். கடையின் நீலக் கோட்டு, சட்டைப்பையில் கடைப் பெயர் குத்திய பட்டை, கையில் கண்ணாடி துடைக்கும் திரவத்தின் வாடை.

"முதல்முதலா போறேன். இந்தக் கோட்டோடயேவா வர்றது?"

"கழட்டிடேன்."

"உள்ள போட்டிருக்கிறது இதைவிட மோசம்" என்றாள். பட்டையை மட்டும் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, அவருக்கு முன்னால் பஸ்ஸில் ஏறினாள்.