கயிற்றின் மற்றத் தலைப்பு

வீரகத்தி ஐம்பது வருடம் கிணறு வெட்டினவர். தர்மபுரத்தில் பாதி வீடு குடிக்கிற தண்ணீர் அவர் தோண்டிக் கண்டது. அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கிணற்றுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை மேலே பிடிக்கிறவன் அவனுடைய மச்சானாக இருக்க வேண்டும், பெண்சாதியின் கூடப்பிறந்தவனாக. விட்டால் சொந்தத் தங்கச்சி தாலி அறுப்பாள் என்ற பயம் அவன் கையில் நிற்கும். அண்ணன் தம்பியை நம்பக் கூடாது. ஆள் செத்தால் அவனுக்குக் காணி கூடும். இன்னொன்று, வீட்டு ஆள் ஒருவர் "போட்டு வா", போய்த் திரும்பி வா, என்று சொல்லாமல் காலை உள்ளே வைப்பதில்லை.

அதனால், சுவிஸில் இருக்கிற மகள் கௌசலா ஒரு பின்னேரம் வீடியோவில் வந்து, "அப்பா, நாளைக்கு விடிய மலை ஏறப்போறன். போட்டு வா எண்டு சொல்லுங்கோ" என்றபோது அவர் சும்மா சொல்லிவிடவில்லை. முதலில் மலையைக் காட்டச் சொன்னார். ஓட்டு வீட்டு முகடு மாதிரி ஒரு கல் வரம்பு. இரண்டு பக்கமும் பாதாளம். அதன் மேலே நடப்பதாம்.

"ஆர் கயிறு பிடிக்கிறது?"

"ஒருத்தரும் பிடிக்கிறேல்லை. ரெட்டோ எண்டு ஒரு வழிகாட்டி வாறார். ஒரு தலைப்பு அவரின்ரை இடுப்பிலை, மற்றது என்ரை இடுப்பிலை."

"கயிறு எதிலை கட்டியிருக்கு?"

"இடைக்கிடை கல்லிலை கொளுவுவம். மற்றும்படி ஒண்டிலையும் இல்லை."

"கேட்டியே விமலேசு! உன்ரை மகள் துணைக்கு ஆள் வைச்சு விழப்போறாளாம்."

"கத்தாதேங்கோ, அவளுக்குக் காது கேக்கும்" என்றாள் விமலேஸ்வரி குசினியிலிருந்து.

"அவனைக் காட்டு பிள்ளை."

தாடி, வெயிலில் உரிந்த மூக்கு. மாடு வாங்குகிறவன் பார்ப்பதுபோல வீரகத்தி அவனைப் பார்த்தார்.

"நீ சறுக்கினால் இவன் என்ன செய்வான் எண்டு கேள்."

கௌசலா கேட்டாள். ரெட்டோ ஒரு முழுப் பாண் ரொட்டியை மேசையில் வைத்தான். நூல் ஒன்றின் இரண்டு நுனியிலும் கரண்டி கட்டி, பாணுக்குக் குறுக்கே போட்டான். ஒரு கரண்டி இந்தப் பக்கம் தொங்கியது, மற்றது அந்தப் பக்கம்.

"நான் இஞ்சாலை விழுந்தால், அவர் அங்காலை குதிப்பாராம்" என்றாள் கௌசலா.

வீரகத்திக்கு வலது கால் குடைந்தது. அன்று மேலே கயிறு பிடித்த நாகமணி சொந்த மச்சான்தான். நல்லவனும்தான். கயிறு வழுக்கி உள்ளங்கைத் தோல் உரிந்ததும் விட்டுவிட்டான். எரிகிற கைக்குத் தங்கச்சி ஞாபகம் வராது. அன்று முறிந்த கால் இன்னும் இழுக்கிறது. இடுப்பில் கட்டிக்கொண்டவன் விட நினைத்தாலும் விட முடியாது. இந்தப் பயல் முட்டாள் இல்லை.

ஆனால் கயிற்றுக்கு இரண்டு தலைப்பு.

"சரி. அவன் விழுந்தால் நீ குதிப்பியோ?"

கௌசலா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அவர் விழமாட்டார் அப்பா. இருபது வருசமா ஏறுறார்."

"நாகமணியும் விடமாட்டன் எண்டுதான் நிண்டவன். குதிப்பியோ?"

"தெரியேல்லை."

"தெரியாட்டில் நான் சொல்லமாட்டன்."

போனை வைத்துவிட்டார்.

மறுநாள் முழுக்க விமலேஸ்வரி அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மத்தியானச் சோற்றை வைத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள். "ரண்டு சொல்லுத்தானே. அதைக்கூடக் குடுக்கேலாத வாய்." வீரகத்தி சோற்றைப் பிசைந்தார், சாப்பிடவில்லை. அவர் சொல்லாமலே மலைக்குப் போயிருப்பாளோ? அவரைப்போலத்தான், பிடிவாதக்காரி.

அதே பின்னேர நேரம் போன் அடித்தது. கௌசலாவின் கன்னத்தில் தோல் உரஞ்சியிருந்தது.

"விழுந்திட்டியோ?"

"குதிச்சனான். நீங்கள் கேட்டதை ரெட்டோவுக்குச் சொன்னன். அவர் சிரிக்கேல்லை அப்பா. இண்டைக்கு மலை வேண்டாம் எண்டு, தங்கியிருக்கிற இடத்துக்குப் பின்னாலை ஒண்டரை ஆள் உயரப் பனி வரம்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதல் ரண்டு தரமும் அவர் வேணுமெண்டு விழேக்கை நான் பயத்திலை குந்தியிட்டன். அவரோடை நானும் இழுபட்டுப் போனன்."

"பிறகு?"

"பிறகு குதிச்சன். கடைசியா அவர் சொல்லாமல் விழுந்தார். தொங்கேக்கைதான் தெரியும், நான் குதிச்சிட்டன் எண்டு."

"உண்மையோ எண்டு அவனைக் கேள்."

ரெட்டோ பெருவிரலைத் தூக்கிக் காட்டினான்.

"விரல் எனக்கு வேண்டாம். இடுப்பைக் காட்டச் சொல்லு."

"அப்பா!"

"காட்டச் சொல்லு."

ரெட்டோ விழுந்து விழுந்து சிரித்து, சட்டையைத் தூக்கினான். இடுப்பைச் சுற்றி ஒரு சிவப்புத் தடம், ஒரு பக்கம் கன்றிப்போயிருந்தது. வீரகத்தி போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வடிவாகப் பார்த்தார். நிறை தாங்கின தடம்தான்.

"நாளைக்கும் எனக்கு லீவு, அப்பா. இப்ப சொல்லுறியளோ?"

"விமலேசு, இஞ்சை வா. நீயும் நில்லு." அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்ற பிறகு சொன்னார்: "போட்டு வா."

கௌசலா போனை வைக்கப் போனாள்.

"பொறு. அவனுக்கும் சேர்த்துத்தான் சொன்னனான் எண்டு சொல்லிவிடு."