ஓடுகிற பாகத்துக்குப் பொட்டு

1

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொல்கிறேன்: இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. சந்தேகப்படுகிறவர்கள் சூலூருக்குப் பஸ் ஏறி அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். பள்ளியின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன்.

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் ஒளிக்கப்போவதில்லை. உக்கடத்தில் மைதீன் பிச்சையின் பழைய சாமான் கடைக்கு டேபிள் ஃபேன் றெக்கை தேடிப் போயிருந்தேன். றெக்கை கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு பிளாப்பி. கம்ப்யூட்டரில் செய்ததை அந்தக் காலத்தில் எடுத்துவைத்துக்கொள்கிற சதுரத் தட்டு அது. அதன் தகர மூடியை விரலால் தள்ளிப் பார்த்தேன். உள்ளே சுழல்கிற கறுப்புத் தகட்டில் காய்ந்த சந்தனம். நடுவே குங்குமம்.

"இது எந்தக் கோயில்ல இருந்து வந்துச்சுங்க பாய்?"

"கிலோக் கணக்குல வந்ததுங்க. சாமி கும்பிட்ட சாமானாட்டத் தெரிஞ்சுது, ஒண்ண மட்டும் தனியா எடுத்து வெச்சேன்."

பஸ் சிங்காநல்லூர் தாண்டுவதற்குள் கதை முழுவதும் எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. உண்மைக்கு அப்படி ஒரு குணம்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "1999, ஐப்பசி பிறந்த நேரம். வெள்ளலூர்ப் பக்கமிருந்து கருமேகங்கள் —"

வேண்டாம். மேகம் வந்தால் மழை பெய்தாக வேண்டும். மழை பெய்தால் பின்னால் வருகிற மைதானம் சேறாகிவிடும்.

இரண்டாவது ஆரம்பம்: "கம்ப்யூட்டர் என்பது மனிதகுலத்தின் —"

இதை எழுதியது நானில்லை. கை.

மூன்றாவதுதான் நிற்கிறது. ராமாமணி மிஸ் கம்ப்யூட்டர் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றினார். அங்கே யாராக இருந்தாலும் வெறுங்காலோடுதான் போக வேண்டும். பள்ளியின் கரஸ்பாண்டன்ட் வெங்கடபதி, ஸ்பின்னிங் மில்காரர், அமெரிக்காவில் மகளைப் பார்த்துவிட்டு வந்த கையோடு, ஒன்பதாம் வகுப்புக்கு வெப் டிசைன் வேண்டும் என்று சொல்லிவிட்டார். பாடம் வந்தது. ராமாமணி மிஸ் வந்தார். இன்டர்நெட் மட்டும் வரவில்லை.*

* 'குளம் இல்லாமல் நீச்சல் கற்றுக்கொடுப்பது போல' என்று எழுதி அடித்துவிட்டேன். சூலூரில் குளம் இருக்கிறது.

ஆகவே பிள்ளைகள் செய்த பக்கங்கள் எங்கும் போகாமல் பிளாப்பியிலேயே இருந்தன. வைரஸ் வந்துவிடும் என்று கம்ப்யூட்டருக்குள் எதையும் வைக்க வெங்கடபதி விடவில்லை. ஆளுக்கு ஒரு பிளாப்பி. எல்லாம் ஒரே டப்பாவில்.

3

இப்போது லோகப்பிரியா. இந்தப் பெண்ணைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

அப்பா அங்கப்பன் விசைத்தறி ஓட்டுகிறவர். பெற்றோர் கூட்டத்தில் ராமாமணி மிஸ்ஸிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

"ஏனுங்க மிஸ், நான் மறைச்சுப் பேசறதில்லீங்க. தறிக்கு ஆள் பத்தறதில்ல. இந்தக் கம்ப்யூட்டருப் பரீட்சையில அம்மணி தேறுனா பத்தாவது போகட்டும். இல்லீன்னா நூல் சுத்தித் தார் போட ஊட்டுக்கு வந்துரட்டுங்."

"மத்த பாடமெல்லாம் நல்லாப் படிக்கறாளுங்க."

"மத்த பாடமெல்லாம் நானுந்தான் படிச்சனுங்க. இப்பத் தறிதான ஓட்டறேன்?"

மிரட்டலாகச் சொல்லவில்லை. ஒரு பேச்சு சொன்னால் அதில் நிற்கிற ஆள் என்பதுதான் ராமாமணி மிஸ்ஸுக்குப் பயமாக இருந்தது.

4

ஆயுத பூஜை. ரூமைக் கழுவி, மானிட்டருக்கெல்லாம் மாலை போட்டார்கள். சந்தனக் கிண்ணம் லோகப்பிரியா கையில்.

"மிஸ், பிளாப்பிக்கும் பொட்டு வெக்கட்டுங்களா?"

"வை கண்ணு" என்றார் ராமாமணி, பொரி கட்டிக்கொண்டே. மேல் ஓட்டில் வைப்பாள் என்று நினைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

லோகப்பிரியா தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. அவர்கள் வீட்டுப் பூஜையில் தறியின் சட்டத்துக்கு வைக்கிற பொட்டு பேருக்குத்தான். மோட்டார் புல்லிக்கும், இழையை இழுத்துக்கொண்டு இங்கும் அங்கும் பறக்கிற நாடாவுக்கும் வைப்பதுதான் பூஜை. நின்றுகொண்டிருக்கிற பாகத்துக்கு எதற்குச் சாமி? அவள் ஒவ்வொரு பிளாப்பியாக எடுத்தாள். மூடியைத் தள்ளினாள். சுழல்கிற தகட்டுக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மூடியை விட்டாள். ஒன்றைக்கூட விடவில்லை. தன்னுடையதைக் கடைசியாக எடுத்தாள்.

(இங்கே சிரிக்கலாம் என்று நினைத்துத்தான் எழுதினேன். மறுபடி படித்துப் பார்த்தபோது வரவில்லை.)

5

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் ராமாமணி மிஸ் முதல் பிளாப்பியைப் போட்டார். கம்ப்யூட்டர் இருமியது; பக்கம் திறக்கவில்லை. இரண்டாவதைப் போட்டார். எல்லா பிளாப்பியையும் எல்லா கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்த்ததில், எல்லா கம்ப்யூட்டருக்குள்ளும் சந்தனம் போய்ச் சேர்ந்தது. ரூம் முழுக்க மணந்தது.

மறுநாள் மாதாந்திரப் பராமரிப்பு. சூலூருக்குக் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. பிள்ளைகள் எவ்வளவு தேறியிருக்கிறார்கள் என்று பார்க்க, கோயமுத்தூர்க் கல்லூரியிலிருந்து பாலகோபால் சார் வந்து இறங்கிவிட்டார். வேறு நாள் கொடுக்க அவரிடம் நாள் இல்லை.

"பக்கம் எங்கீங்க மேடம்?"

ராமாமணி மிஸ் வாசலைப் பார்த்தார். வகுப்பே அங்கே நின்றது.

"பிள்ளைகளே பக்கமா நிப்பாங்க சார்" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது.

6

நடந்தது இதுதான். மனோஜ்குமாரின் பக்கம் அவிநாசித் தேர். வகுப்புப் பிள்ளைகள் மைதானத்தில் வரிசையும் பத்தியுமாகக் கட்டம் கட்டி நின்றார்கள். நித்யஸ்ரீ ஒரு மூலையில் நீலத் தாவணியைப் பிடித்துக்கொண்டு, தொட்டால் அடுத்த பக்கம் திறக்கிற இணைப்பாக நின்றாள். பாலகோபால் சார் அவள் தோளைத் தொட்டார். அவள் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் ஓடினாள். அங்கிருந்து அடுத்த பக்கம் வந்தது. சும்மா வரவில்லை. அந்தக் காலத்தில் படம் மேலிருந்துதானே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்? முதலில் கலசமாக ஒருத்தன் வந்து நின்றான். வெகுநேரம் எதுவும் வரவில்லை. பிறகு குடை. பிறகு பாதி சாமி. பாலகோபால் சார் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். சக்கரம் வந்ததும் மார்க் போட்டார்.

சரவணனின் பக்கத்தில் ஓடுகிற எழுத்து உண்டு. அவனே ஓடினான். "நல்வரவு நல்வரவு" என்று கத்திக்கொண்டு மைதானத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போனவன், நிறுத்தச் சொல்லிக் கட்டளை எதுவும் எழுதாததால் நிற்கவில்லை. பல்லடத்தில் பார்த்ததாகச் சிலர் சொல்கிறார்கள். நான் மிகைப்படுத்துகிறவன் இல்லை. காங்கயம்பாளையம் வரைக்கும்தான் போனான்.*

* மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டான்.

7

லோகப்பிரியாவின் முறை.

அவள் மைதானத்துக்கு நடுவில் போய் நின்று திரும்பிப் பார்த்தாள். யாரும் அசையவில்லை.

"வந்து நில்லுங்கப்பா. ஒருக்கா."

"நீயே நில்லு" என்றான் மனோஜ்குமார். "எங்க பிளாப்பிக்கெல்லாம் பொட்டு வெச்சுப்போட்டயல்ல? அப்படியே உன்ற மார்க்குக்கும் ஒண்ணு வெச்சுக்கோ. வட்டமா."

சிலர் சிரித்தார்கள். நித்யஸ்ரீ சிரிக்கவில்லை, ஆனால் அவளும் போகவில்லை. காம்பவுண்டுக்கு வெளியே டிவிஎஸ் 50ஐ நிறுத்திவிட்டு அங்கப்பன் நின்றுகொண்டிருந்ததை ராமாமணி மிஸ் அப்போதுதான் பார்த்தார். 'வை கண்ணு' என்று சொன்னது அவர்தான். எடுத்துச் சொன்னால் கரஸ்பாண்டன்ட் காதுக்குப் போகும். சொல்லாவிட்டால் —

(இந்த வாக்கியத்தை முடிக்க ராமாமணி மிஸ்ஸாலும் முடியவில்லை.)

லோகப்பிரியா உடைந்த ஓடு ஒன்றை எடுத்துத் தரையில் கட்டம் போட்டாள். முதல் கட்டத்தில் போய் நின்றாள்.

"மனோஜ்குமார். அவிநாசித் தேரு."

அடுத்த கட்டத்துக்கு ஓடினாள். "நித்யஸ்ரீ. சூலூர்க் குளத்துப் பறவைங்க."

அடுத்தது. "சரவணன். நல்வரவு."

வரிசை முடிந்ததும் திரும்பி, கீழ் வரிசையில் எதிர்ப்பக்கமாக ஓடினாள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை, அந்தக் கரையிலிருந்து இந்தக் கரை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயர், அவர்கள் செய்த பக்கம். எல்லார் பக்கங்களையும் ஒன்றாகக் கோக்கிற முதல் பக்கத்தைத்தான் அவள் செய்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. தன் பெயருக்குக் கட்டம் போடவில்லை.

காம்பவுண்டுக்கு வெளியே அங்கப்பனின் தலை, ஓட்டத்தோடு சேர்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது.

அவள் மூச்சு வாங்கி நின்றபோது பாலகோபால் சார் கேட்டார்: "இதுல ஒரு பேரைத் தொட்டா எங்கம்மா போகும்?"

"எங்கயும் போகாதுங்க சார்."

"ஏன்?"

"போற எடத்தையெல்லாம் நாந்தானுங்க அழிச்சுப்போட்டேன்."

8

முடிவு வேண்டும். மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: நித்யஸ்ரீ மெல்ல நடந்து போய்த் தன் பெயருள்ள கட்டத்தில் நிற்கிறாள். பிறகு இன்னொருத்தி. பிறகு சரவணன். கடைசியில் மனோஜ்குமாரும். எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மனோஜ்குமாரை எனக்குத் தெரியும். அவன் அத்தனை சீக்கிரம் போகிற ஆள் இல்லை.

இரண்டாவது: அங்கப்பன் கேட்டைத் திறந்துகொண்டு வருகிறார். மைதானத்து ஓரத்தில், கம்ப்யூட்டர் ரூம் வாசலில் போல, செருப்பைக் கழற்றுகிறார். "நான் எந்தக் கட்டத்துல நிக்கோணும் கண்ணு?" இதை எழுதிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. அதனாலேயே இதை நான் நம்பவில்லை. எழுதுகிறவனின் தொண்டையை அடைக்கிற முடிவு, எழுதுகிறவனுக்காக வந்ததாகத்தான் இருக்கும்.

மூன்றாவது: ராமாமணி மிஸ் பாலகோபால் சாரிடம் திரும்பி, "வெக்கச் சொன்னது நானுங்க சார்" என்று சொல்லிவிடுகிறார். அவர் சொல்வாரா என்று அவருக்கே தெரியாது. அவருக்குத் தெரியாததை எனக்குத் தெரிந்ததாக எழுதமாட்டேன், கற்பூரத்தை அணைத்திருக்கிறேன்.

"பாஸா பெயிலா மேடம்?" என்கிறார் பாலகோபால் சார். "எனக்குச் சொல்லத் தெரியலீங்க. செஞ்சதை அழிச்ச பிள்ளை. அழிஞ்சதையெல்லாம் மனசுல வெச்சிருக்கற பிள்ளை. நீங்களே போடுங்க." பேனாவை ராமாமணி மிஸ் கையில் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பேனா திறந்திருக்கிறது. அங்கப்பன் வெளியே நிற்கிறார். லோகப்பிரியா இன்னும் கடைசிக் கட்டத்தை விட்டு நகரவில்லை. என்னிடமிருந்து மார்க் வராது. நீங்கள் போடுங்கள்.

நேரில் போய் விசாரித்துத்தான் போடுவேன் என்கிற நியாயஸ்தர்கள் வீணாக அலையக் கூடாது என்பதற்காக ஒரு தகவல்: அது ஆண்கள் பள்ளி. அந்த வருடம் அங்கே ஒரு பெண்பிள்ளையும் படிக்கவில்லை.