படித்துப் புரிந்துகொண்டேன்

“உங்க வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுன்னு நீங்க சத்தியப் பிரமாணம் குடுக்கணும்மா” என்று வக்கீல் இருதயராஜ் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷனை ஜெயிலில் வைத்துக்கொண்டு, தம்புச் செட்டித் தெரு மாடியில் உட்கார்ந்து சிரிக்கிறாளே என்று குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். வேறென்ன செய்வது? திருவண்ணாமலையில் செங்கம் ரோடு முழுக்க விசாரித்துப் பாருங்கள். ‘இங்கிலீஷ் தருமன்’ என்றால்தான் என் வீட்டுக்காரரைத் தெரியும். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் மற்ற டிரைவர்களிடம் கையைக் காலை ஆட்டிப் பேசுவார்கள். இவரைக் கண்டால் தோளில் கை போட்டுக்கொள்வார்கள். வீட்டுக்குள்ளும் அந்த அலட்டல் குறையாது. குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றால்கூட ‘டூ மச் சரசு, டூ மச்’ என்பார்.

மீனம்பாக்கத்தில் விமானத்தில் வந்து இறங்கிய ஓர் ஆளைத் தன் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு வந்தவரைத்தான் சுங்கத்துக்காரர்கள் வழியில் மறித்தார்கள். பின் சீட்டுக்கு அடியில் தங்க பிஸ்கெட்டுகள் இருந்தன. டீ குடிக்க இறங்கிய அந்த ஆள் திரும்பி வரவேயில்லை. எப்படியும் ஜாமீன் கிடைத்துவிடும் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்த நேரத்தில் கடத்தல்காரர்களுக்கான காபிபோசா சட்டத்தில் போட்டார்கள். விசாரணை கிடையாது, ஒரு வருஷம் உள்ளே இருக்க வேண்டும். செய்ததற்குத் தண்டனை இல்லையாம், இனிமேல் செய்துவிடக் கூடாது என்பதற்காகவாம். ஊரில் இருக்கும் எல்லோரையுமே அப்படிப் பிடித்துப் போடலாமே என்று நினைத்துக்கொண்டேன்.

“அவரு அந்தத் தப்பப் பண்ணலைன்னு கோர்ட்ல சொல்லுங்க சார்” என்றேன்.

“கோர்ட்டு அதக் கேக்காதும்மா. இந்த மனுவுல அது கேள்வியே இல்ல. ஏன் உள்ள வெச்சோம்னு அவருக்குப் புரியற பாஷையில சொன்னாங்களா, இல்லையா? அது மட்டும்தான். அவருக்குக் குடுத்த காகிதக் கட்டு மொத்தமும் இங்கிலீஷ். தமிழ்ல ஒரு தாள்கூட இல்ல.” கொஞ்சம் தயங்கி, ஒரு நகலை என் பக்கம் தள்ளினார். “ஆனா, படிச்சுப் புரிஞ்சுகிட்டேன்னு கீழ அவரே இங்கிலீஷ்ல எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. ஏன்னு கேட்டுட்டு வாங்க.”

மத்திய சிறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர் தாடியோடு நின்றார். சுற்றிலும் ஆளுக்கு ஆள் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் கத்தித்தான் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“யாருக்குப் படிக்கத் தெரியாது? என்னப் பத்தி அந்த வக்கீலுக்கு இன்னா தெரியும்?”

“தெரியும்னு நீங்க சொன்னா வருஷம் பூரா இங்கதான். தெரியாதுன்னா நான் பொய்ச் சத்தியம் பண்ணணும். அண்ணாமலையாரு மூஞ்சில அப்புறம் எப்படிங்க முழிக்கிறது?”

வலையில் விரலை நுழைத்து, அதையே பார்த்தார். பிறகு, “பொய் இல்ல சரசு” என்றார். அந்தச் சத்தத்திலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. “பேசுவேன். காதுல கேட்டுக் கேட்டு வந்தது. என் பேர எழுதுவேன். அவ்ளோதான்.”

முதலில் கோபம்தான் வந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை இந்த மனிதர் இங்கிலீஷ் பேப்பரை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார், எத்தனை முறை காபியை ஓசைப்படாமல் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்திருக்கிறேன். வெள்ளைக்காரர்கள் விலாசம் எழுதிய சீட்டை நீட்டினால் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, கண்ணாடி வீட்டில் இருக்கிறது, நீங்களே வாசியுங்கள் என்பார். மறதிக்காரர் என்று நினைத்து, கிளம்பும்போதெல்லாம் ‘கண்ணாடிய எடுத்துக்கிட்டீங்களா’ என்று நான் வேறு கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் பாவமாக இருந்தது. கட்டிய பெண்டாட்டியிடமிருந்துகூட எவ்வளவு கஷ்டப்பட்டு மறைத்திருக்கிறார்.

“அப்புறம் எதுக்கு எழுதிக் குடுத்தீங்க?”

“ஆபீசரு நாலு பேரு முன்னாடி ‘இங்கிலீஷ் ஓகே?’ன்னாரு. ‘நோ ப்ராப்ளம் சார்’னுட்டேன். பழக்கதோஷம். ஒரு சீட்டுல எழுதிக் காமிச்சாரு. கோலத்தப் பாத்துப் போடறாப்ல பாத்து எழுதிட்டேன்.” குரலைத் தாழ்த்தினார். “கோர்ட்ல மட்டும் சொல்லாத. பேப்பர்ல போடுவான். ஸ்டாண்டுல எப்படி நிக்கறது? ஒரு வருஷம்தான, இருந்துட்டு வந்துடறேன்.”

அந்த ஒரு வருஷம் வெளியே நான் எப்படி இருப்பேன் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. நேராக வக்கீலிடம் போய் அந்தப் பிரமாணத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வந்த அன்று அரசு வக்கீல் எழுந்து, இவர் வருஷக்கணக்காக வெளிநாட்டவரோடு பழகுகிறவர், தன் கையாலேயே எழுதியிருக்கிறார், இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார். இரண்டு நீதிபதிகளும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்று உத்தரவானது.

அடுத்த வாய்தாவில் போலீஸ்காரர்களோடு வந்தார். தாடியை எடுத்திருந்தார். பெரியவராகத் தெரிந்த நீதிபதி ஒரு தாளைக் கொடுக்கச் சொல்லி, தமிழிலேயே, “முதல் வரியைப் படிங்க” என்றார். என் வீட்டுக்காரர் தாளை வாங்கினார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

“கண்ணாடி கொண்டாரலைங்க ஐயா.”

அரசு வக்கீல் புன்னகையோடு எதையோ குறித்துக்கொண்டார். இருதயராஜ் சார் கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி சற்று யோசித்துவிட்டுத் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கீழே கொடுத்தனுப்பினார்.

“இதைப் போட்டுப் பாருங்க.”

போட்டுக்கொண்டார். கண்ணாடி போட்டவுடன் எப்போதும் வரும் அந்தப் படித்த களை அப்போதும் முகத்துக்கு வந்தது. தாளைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். கோபமாகப் பார்ப்பார் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. என்னால்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“படிக்கத் தெரியாதுங்க.”

“கேக்கலை. சத்தமா சொல்லுங்க.”

“எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுங்க ஐயா.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். காவல் உத்தரவு ரத்தானது. தங்கம் யாருடையது, அவர் தெரிந்து ஏற்றினாரா தெரியாமல் ஏற்றினாரா என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை. அவரும், யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்ப்பவரைப் போலக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தார்.

சுங்க வழக்கில் ஜாமீனும் கிடைத்து வெளியே வந்து, பாரிமுனையில் பஸ் ஏறியதும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். திண்டிவனத்தில் முதுகு மூட்டையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் ஏறினாள். செஞ்சி தாண்டியதும் அவள் கண்டக்டரிடம் எதையோ கேட்க ஆரம்பித்தாள். கண்டக்டர் இரண்டு தடவை தலையாட்டிப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் இருந்தவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “வண்டியில யாருக்காச்சும் இங்கிலீஷ் தெரியுமாங்க?”

நான் என் வீட்டுக்காரரை முழங்கையால் இடித்தேன். “சொல்லுங்களேன். பேசறதுதான?” அவர் ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண் ஒவ்வொரு சீட்டாகக் கேட்டுக்கொண்டே எங்களிடம் வந்துவிட்டாள். வியர்த்துப்போய், பயந்தும் இருந்தாள். “ரமணாசிரமம்?” என்றேன். “யெஸ், யெஸ்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குமேல் எனக்கு என்ன தெரியும்? எழுந்து நின்று விழித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு மட்டும் கேட்கும்படி, வெளியே பார்த்தபடியே, அவர் ஓர் இங்கிலீஷ் வார்த்தையை எடுத்துக் கொடுத்தார். அதைச் சத்தமாகச் சொன்னேன். அடுத்த வார்த்தையைக் கொடுத்தார். அதையும் சொன்னேன். திருவண்ணாமலை வரும்வரைக்கும் நான்தான் அவளோடு இங்கிலீஷ் பேசிக்கொண்டு வந்தேன்.