இரண்டாம் பூச்சு

பெயிண்ட் உரிக்கும் களிம்பைப் பூசிய இடத்தில் பழைய பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியதும், தம்பிக்காரன் சுரண்டியை அடியில் கொடுத்துத் தள்ளினான். பாம்புச் சட்டைபோல நீளமாக உரிந்து வந்தது.

"கீழ பாரு. ப்ரொப்பல்லருக்கு மேல இன்னும் பச்சை நிக்குது," என்றார் அண்ணன்.

"தெரியுது. எனக்கும் கண்ணு இருக்கு."

"கண்ணு இருக்கு. அதை எங்க வச்சிருக்கங்கிறதுதான் தெரியல."

வீட்டின் பக்கவாட்டு முற்றத்தில் சக்கரவண்டிமேல் படகு நின்றது. அதன் பின்னால், இரண்டு தலையணைகள் வைத்த சாய்வு நாற்காலியில், போர்வைக்குள் அண்ணன் கிடந்தார். என்ஜின் படகுக்குள்ளே இருந்தது. அதன் சுழற்சியைத் தண்ணீருக்குள் கொண்டுபோவது வெளியே தொங்கிய, தம்பி சுரண்டிக்கொண்டிருந்த இந்த அலுமினியப் பகுதிதான். அண்ணனும் தம்பியும் அதைக் 'கால்' என்பார்கள். முன்பு படகை வைத்திருந்த புண்ணியவான் அதற்கும் சேர்த்துச் செம்பு கலந்த பெயிண்டை அடித்துத் தொலைத்திருந்தான். செம்பு பட்ட அலுமினியம் உப்புநீரில் அம்மைத் தழும்பாகக் குழிந்திருந்தது.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, கேக்கிறதைக் குடுங்க" என்று டாக்டர் கைவிரித்து அனுப்பியிருந்தார். அண்ணன் சாப்பிட எதுவும் கேட்கவில்லை. வெளியே தூக்கி வைக்கச் சொன்னார். "இந்தக் காலாவது தேறட்டும்," என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை.

அண்ணி ஒழுங்காகத் தூங்கி வாரக்கணக்காகிவிட்டது. அவர் இருமினால் எழுவாள். இருமாவிட்டால் அதற்காகவும் எழுவாள். மதியம் அண்ணனே அவளை விரட்டினார்.

"போய்ப் படு. இவன் இருக்கான்ல."

"எனக்குத் தூக்கம் வரல."

"உன் மூஞ்சிய நீ பாக்கல. நான்ல பாக்க வேண்டியிருக்கு."

கதவுவரை போனவள் திரும்பினாள். "தம்பி, ஏதாவதுன்னா உடனே கூப்பிடுங்க. யோசிச்சிட்டு நிக்காதீங்க."

"கூப்பிடறேன் அண்ணி."

மிச்சப் பச்சையைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தின்னர் நனைத்த துணியால் துடைத்தான். உலோகம் வெள்ளையாகப் பல்லிளித்தது. ஜிங்க் கட்டியின்மேல் டேப் சுற்றினான். அலுமினியத்தை விட்டுவிட்டுக் கடல் முதலில் தன்னைத் தின்னட்டும் என்று திருகி வைத்த கட்டி அது. அதன்மேல் பெயிண்ட் படக்கூடாது. ஸ்ப்ரே டப்பாக்களை வரிசையாக எடுத்து வைத்தபோது அண்ணன் தலையைத் தூக்கினார்.

"என்னடா இது, சாம்பல் கலரு?"

"ஆமா."

"நாம என்ன போர்க்கப்பலா வச்சிருக்கோம்? கறுப்புன்னு சொன்னேன்ல?"

"கடையில கறுப்பு இல்ல."

"இல்லைன்னு கடைக்காரன் சொன்னானா, நீயே சொல்லிக்கிட்டியா?"

அவன் கடையில் கேட்கவேயில்லை. முகமூடியை மாட்டினான்.

"நல்லா இல்லடா," என்றார் அண்ணன். மூச்சு வாங்கியது. "சரி, அடி. வெறும் உலோகத்தை ரொம்ப நேரம் காத்துல விடாத."

அடிப்பூச்சுக்கான ப்ரைமரைக் குலுக்கி, மேலிருந்து கீழாக அடிக்கத் தொடங்கினான். கொஞ்ச நேரம் கழித்து, "ஜிங்க்க மூடிட்டேன், கவலைப்படாத," என்றான். பதில் இல்லை. கலருக்காக முறுக்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தான். "கறுப்புதான் வேணும்னா அடுத்த வருஷம் அடிச்சுக்கலாம்ணா," என்றான், வாய்தவறி.

முடித்து, முகமூடியைக் கழற்றித் திரும்பினான். அண்ணனின் மோவாய் நெஞ்சில் இறங்கியிருந்தது. உதட்டோரம் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. அவன் பக்கத்தில் போகும்வரை அது பறக்கவில்லை.

கையுறையைக் கழற்றிவிட்டுக் கழுத்தைத் தொட்டான். சூடு இருந்தது. வேறெதுவும் இல்லை.

உள்ளே ஓடினான். அண்ணி கட்டிலின் விளிம்பில், எந்நேரமும் எழத் தயாராக இருப்பவள்போல ஒரு காலைக் கீழே தொங்கவிட்டபடி, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட வாயெடுத்தான். அறை வாசலிலேயே நின்றுவிட்டான். எழுப்பாதவரை அவளுக்குப் புருஷன் இருந்தான்.

ஓசைப்படாமல் வெளியே வந்தான். அண்ணனின் இமைகளை மூடினான். துண்டை மடித்து மோவாய்க்குக் கீழே கொடுத்துத் தலையைச் சுற்றிக் கட்டினான். போர்வையைச் சரிசெய்தான். அதற்குமேல் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான், உட்கார முடியவில்லை. ப்ரைமர் காய்ந்திருந்தது. ஒரு பூச்சு அடித்துவிட்டு எழுப்பலாம் என்று சாம்பல் டப்பாவை எடுத்தான்.

அடித்து முடித்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். அண்ணி புரண்டு, தொங்கிய காலையும் மேலே இழுத்துக்கொண்டு தூங்கினாள். திரும்பி வந்து, முதல் பூச்சு காயக் காத்து நின்றான். பிறகு இரண்டாம் பூச்சை ஆரம்பித்தான். கண்ணீர் மறைத்த இடங்களில் பெயிண்ட் வழிந்தது.

"என்ன, ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையா? சத்தத்தையே காணோம்?"

கொண்டையை முடிந்தபடி அண்ணி வாசற்படியில் நின்றாள். பிறகு துண்டைப் பார்த்தாள். விறுவிறுவென்று வந்து அவர் நெற்றியில் கை வைத்தாள். எடுக்கவில்லை.

"எப்போ?"

பொய் சொல்ல நினைத்தான். வரவில்லை. "ப்ரைமர் அடிச்சு முடிச்சப்போ பாத்தேன்."

படகைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எது அடியில், எது மேலே என்பதைப் பார்த்துக்கொண்டாள். சாம்பல் நிறம் வெயிலில் பளபளத்தது.

"அதுக்கப்புறம் இவ்வளவும் அடிச்சியா நீ?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவனை 'நீங்க' என்று மட்டுமே சொன்னவள்.

"நீங்க அசந்து தூங்கிட்டிருந்தீங்க, அண்ணி. எழுப்ப மனசு வரல."

"நான் உன்கிட்ட தூக்கமா கேட்டேன்? கூப்பிடுன்னுதானே சொன்னேன்?" குரல் உயரவில்லை. "சூடாவாவது இருந்திருப்பாரே."

அவன் டப்பாவைக் கையில் பிடித்தபடி நின்றான். அவள் தரையில் உட்கார்ந்து, போர்வைக்கு வெளியே வந்திருந்த பாதங்களை இரு கைகளாலும் தேய்க்கத் தொடங்கினாள். நெடுநேரம் தேய்த்தாள்.

"ஏதாவது சொன்னாரா?" என்றாள், நிமிராமலே.

"கலர் நல்லா இல்லைன்னார்."

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. என்ன சத்தமென்று அவனுக்குப் பிடிபடவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் வந்து எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். உறவுகளுக்குச் சொல்லியாயிற்று. அண்ணனைக் கொண்டுபோக வரும் வண்டி முற்றத்துக்குள் நுழையப் படகு வழிவிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தார்கள். "பின்பக்கம் யாரும் பிடிக்காதீங்க," என்றான் அவன். அதற்குமேல் விளக்கம் சொல்ல வெட்கமாக இருந்தது. முன்னாலிருந்து இழுத்து, கேட்டைத் தாண்டித் தெருவோரத்தில் நிறுத்தினார்கள். அண்ணி படகுக்குப் பின்னாலேயே நடந்து வந்தாள்.

விஷயம் கேள்விப்பட்டு, முக்குக் கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். கனத்த உடம்பு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அண்ணியைப் பார்த்ததும் வாய் கோணி, தாங்கிக்கொள்ள எதையோ தேடிப் படகின் பின்பக்கம் கையை நீட்டினார்.

"அதுல கை வைக்காதீங்கண்ணே," என்றாள் அண்ணி. "இன்னும் காயல."

சொல்லிவிட்டு, வண்டி வரவேண்டிய திசையைப் பார்த்தபடி, அந்தச் சாம்பல் காலுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.